மெடிக்கல் பாஸ்

என் கணவரின் அக்காவுக்கு எங்கள் குடியிருப்பில் கலெக்டர் என்று பெயர். யார் வைத்தார்களோ, அவ்வளவு பொருத்தம். பிழைக்க வந்த தமிழர்களில் இந்த ஊர்ப் பாஷையை ஊர்க்காரர்கள் மாதிரியே பேசத் தெரிந்தவர் அண்ணி ஒருவர்தான். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டுமா, வீட்டு உரிமையாளரிடம் குழாய் ஒழுகுகிறது என்று சண்டை போட வேண்டுமா, டாக்டரிடம் போக வேண்டுமா, எல்லாவற்றுக்கும் அண்ணிதான். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் முன்னால் நடப்பார். நோயாளி பின்னால் ஓட வேண்டும்.

அண்ணியின் மொழிபெயர்ப்புக்கு ஒரு தனி பாணி உண்டு. டாக்டர் மூச்சு விடாமல் பேசுவார், கையை ஆட்டுவார், படம் வரைந்து காட்டுவார். அண்ணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "ஒண்ணும் இல்லையாம். தண்ணி நெறைய குடிக்கணுமாம்" என்று முடித்துவிடுவார். கீழ்த்தளத்துத் தையல்காரர் ஒரு தடவை பொறுக்க மாட்டாமல் கேட்டேவிட்டார்.

"ஏங்க, அவரு அவ்வளவு நேரம் பேசினாரே, இவ்வளவுதானா?"

"அதுல முக்கால்வாசி உங்களுக்குத் தேவையில்லாதது" என்றார் அண்ணி.

இதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம். நானும்தான் வயிறு வலிக்கச் சிரித்தேன். இப்போது அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

என் கணவர் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். கல்யாணத்துக்கு முன்னால் பல வருஷம் கம்பெனி விடுதியில், ஒரே அறையில் ஆறேழு பேரோடு கிடந்தவர். விசா புதுப்பிக்கும்போதெல்லாம் நெஞ்சைப் படம் எடுத்து, ரத்தம் எடுத்து, ஆள் வேலைக்கு லாயக்கா என்று பார்ப்பார்கள். அதற்கு இங்கே மெடிக்கல் என்று பெயர். அதில் ஃபெயிலானால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அதனால் மெடிக்கல் நெருங்கினால் அறையில் ஒருவருக்கும் தூக்கம் வராதாம். பாஸ் என்று வந்துவிட்டால் அன்றைக்கு அறையே கல்யாண வீடாகிவிடுமாம்.

எங்கள் கல்யாணம் பேசும்போதும் இதை அவர்கள் வீட்டில் ஒரு பட்டம் மாதிரி சொன்னார்கள். "பையன் ஒவ்வொரு தடவையும் மெடிக்கல் பாஸ். உடம்புல ஒரு குறை கிடையாது" என்றார் என் மாமனார். என் அப்பா அதைக் கேட்டு அகமகிழ்ந்து போனார். அவருக்குச் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு என்று ஆயிரம் தொல்லை. வெளிநாட்டு டாக்டரே முத்திரை குத்திய மாப்பிள்ளை என்றால் கசக்குமா? நானும் மகிழ்ந்துதான் போனேன். பொய் சொல்வானேன்.

கல்யாணம் முடிந்து சில வாரத்தில் அவர் திரும்பிவிட்டார். எனக்கு விசா வர ஒன்றரை வருஷம் இழுத்தது. வந்து சேர்ந்ததும் ஒரு ஓட்டலின் சலவைப் பிரிவில் அண்ணியே வேலை வாங்கிக் கொடுத்தார். தரைக்குக் கீழே ஒரு பெரிய கூடம். ஒரு பக்கம் துவைக்கும் இயந்திரங்கள், ஒரு பக்கம் ஆவி பறக்கிற இஸ்திரி உருளை. நானும் வேறொரு நாட்டுப் பெண்ணும் ஜோடியாக நின்று பெட்ஷீட் மடிக்க வேண்டும். அவள் இரண்டு முனையைப் பிடிப்பாள், நான் இரண்டு முனையைப் பிடிப்பேன், உதறி, மடித்து, நடந்து கிட்டே வந்து, முனையை அவள் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் போவேன். எங்கள் இருவருக்கும் பொதுவாகப் பத்து வார்த்தைகூடக் கிடையாது. ஆனால் நான் முகம் சுளித்தால் என்ன என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அவளை நான் ஜோடிக்காரி என்று தமிழிலேயே கூப்பிட்டேன். அவளும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

வந்த ஆறேழு மாதத்தில் எனக்கு அடிவயிற்றில் ஒரு வலி தொடங்கியது. கணவரோடு ஒன்றாக இருக்கும்போதும் வலித்தது. வெள்ளைப்படுவதும் வழக்கம்போல இல்லை. வாசனை வேறு. இதையெல்லாம் யாரிடம் சொல்வது? அம்மாவிடம் ஃபோனில் சொன்னால் அழுவாள். கணவரிடம் சொல்ல வாய் வரவில்லை. அண்ணியிடம் சொன்னேன். சொன்ன மறுநாளே அவர் தன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல என் நாக்கு வராது. என் அம்மாகூட அப்படி ஓடி வந்திருப்பாளா என்பது சந்தேகம்தான்.

டாக்டர் ஒரு பெண். உட்கார்ந்ததுமே மேசை மேலிருந்த ஃபோனைக் காட்டி என்னிடம் ஏதோ கேட்டார்.

"ஃபோன்ல ஒரு தமிழ் ஆள் மொழிபெயர்ப்பாங்களாம், கூப்பிடவான்னு கேக்கறாங்க" என்றார் அண்ணி. "யாரோ எவரோ. நம்ம வீட்டு விஷயத்த எதுக்கு ஊரார் காதுல போடணும்? நான் இருக்கேன்ல?"

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஃபோனில் வருகிற தமிழ்க்காரர் எனக்குத் தெரிந்த யாருக்காவது தெரிந்தவராக இருந்துவிட்டால்? என் வெள்ளைப்பாட்டை முகம் தெரியாத ஒருவர் தமிழில் சொல்லிக் கேட்பதை நினைத்தாலே கூசியது. வேண்டாம் வேண்டாம் என்று டாக்டரைப் பார்த்து நானே தலையை ஆட்டினேன். அவர் பஞ்சுக் குச்சியில் உள்ளேயிருந்து நீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

முடிவு வந்தபிறகு மறுபடியும் போனோம். அன்றைக்கு டாக்டர் நிறையப் பேசினார். ஒரு தாளில் கருப்பையை வரைந்து, இரண்டு பக்கமும் குழாய் வரைந்து, அந்தக் குழாயின் நுனியில் பேனாவால் தட்டித் தட்டிச் சொன்னார். பிறகு இரண்டு மாத்திரைக் கவர்களை மேசையில் தனித்தனியாக வைத்தார். அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. டாக்டரிடம் அவர் ஏதோ கேட்டார், டாக்டர் இல்லை இல்லை என்று கையசைத்துப் பதில் சொன்னார், அண்ணி அதை நம்பாத மாதிரி உதட்டைக் கடித்தார்.

"என்ன அண்ணி? கொழந்த விஷயமா ஏதாவது?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல கண்ணு. உள்ள லேசா புண்ணு. ஒரு வாரம் மாத்திரை போட்டா சரியாயிடுமாம்."

"ரெண்டு கவர் இருக்கே?"

"ஒண்ணு இப்ப போடறதுக்கு. இன்னொண்ணு திரும்ப வந்தா போடறதுக்கு. அது எங்கிட்ட இருக்கட்டும், நீ எங்கயாவது தொலைச்சிடுவ."

டாக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். புரிந்ததா என்று கேட்கிற பார்வை. இந்த அம்மா என்னை மக்கு என்று நினைத்துவிடக் கூடாதே என்று நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, நன்றாகத் தலையாட்டினேன். வெளியே வந்ததும் அண்ணி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை விடவே இல்லை. பாசம் என்று நினைத்துக்கொண்டேன். பாசம்தான், இல்லை என்று சொல்லவில்லை.

மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறாமல் போட்டேன். வலி போய்விட்டது. அதன்பிறகு ஒரு நல்ல வருஷம் என்றுதான் நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். முதல் சில மாதம் கணவர் கொஞ்சம் ஒதுங்கியே இருந்தார். கிடங்கில் ஆள் பற்றாக்குறை, அலுப்பு என்றார். பிறகு பழையபடி ஆனார். பழையபடி என்ன, பழையதைவிட அன்பாக இருந்தார். குரலை உயர்த்த மாட்டார். நான் எதைச் சமைத்தாலும் வாயைத் திறக்காமல் சாப்பிடுவார். வேலை முடிகிற நேரத்துக்கு ஓட்டலின் பின்வாசலில் வந்து நிற்பார். மழையானாலும் வெயிலானாலும் தினமும் வருவார். ஜோடிக்காரி என் விலாவில் இடித்துக் கண்ணடிப்பாள். நான் வெட்கப்பட்டுக்கொண்டே படியேறிப் போவேன். மாதா மாதம் விலக்காகும்போது மட்டும் மனசு சுருங்கும். அடுத்த மாதம் நிற்கும் என்று சொல்லிக்கொள்வேன்.

அந்த வருஷம் முடிகிற நேரத்தில் வலி திரும்பி வந்தது. இந்தத் தடவை விட்டு விட்டு வந்தது, ஒரு பக்கமாக வந்தது. அண்ணியிடம் சொன்னேன்.

"இந்த வாரம் எனக்கு வேலை நெருக்கடி கண்ணு. அடுத்த வாரம் போயிடலாம்."

விலக்கு தள்ளிப்போயிருந்ததை அவரிடம்கூட நான் சொல்லவில்லை. உறுதியாகட்டும், பிறகு எல்லோரிடமும் ஒரேயடியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். வலியைக்கூட அதனால் வருகிற வலி என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வாரம் வருவதற்குள் சலவைக் கூடத்தில் விழுந்துவிட்டேன். பெட்ஷீட்டின் இரண்டு முனையும் என் கையில் இருந்தன. வயிற்றுக்குள் ஏதோ அறுந்த மாதிரி இருந்தது, வலி தோள்பட்டை வரை ஏறியது, ஜோடிக்காரியின் முகம் மங்கியது. அவள் கத்திய கத்தல்தான் மேற்பார்வையாளரை ஓடி வரவைத்ததாம். ஆம்புலன்ஸில் என் காலை அவள் பிடித்துக்கொண்டு வந்தது அரைகுறையாக நினைவிருக்கிறது.

மருத்துவமனையில் யாரும் என்னிடம் ஃபோன் வேண்டுமா என்று கேட்கவில்லை. படுக்கைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்து, சத்தமாகப் பேசவிட்டார்கள். ஒரு ஆண் குரல் நல்ல தமிழில் வணக்கம் சொன்னது. தான் மொழிபெயர்ப்பாளர் என்றும், டாக்டர் சொல்வதை அப்படியே சொல்வேன் என்றும், எதையும் கூட்டவோ குறைக்கவோ மாட்டேன் என்றும் சொன்னது. பிறகு அந்த ஆண் குரலே, "நான் உங்க வயித்தைத் தொட்டுப் பார்க்கப் போறேன்" என்றது. அவ்வளவு வலியிலும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தொட்டது டாக்டரம்மாவின் கை என்று தெரிய ஒரு நொடி ஆனது.

"நீங்க கர்ப்பமா இருக்கீங்க. ஆனா கரு கருப்பைக்குள்ள இல்ல. குழாய்ல தங்கியிருக்கு. குழாய் வெடிச்சு உள்ளே ரத்தம் கசியுது. இப்பவே ஆபரேஷன் செய்யணும். அந்தக் கருவைக் காப்பாத்த முடியாது. உங்களைக் காப்பாத்த முடியும்."

நான் தாயானதையும் தாயாகாமல் போனதையும் அந்தக் குரல் ஒரே மூச்சில் சொல்லி முடித்தது. அந்த ஆள் மேல் எனக்குக் கோபம் இல்லை. எதையும் குறைக்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தானே தொடங்கினார்.

மறுநாள் காலையில் டாக்டர் வந்தார். மறுபடியும் ஃபோன், இந்தத் தடவை ஒரு பெண் குரல். கணவர் கட்டிலுக்குக் காலடியில் நின்றுகொண்டிருந்தார். இரண்டு பேர் தூக்கிப் பிடித்து நிறுத்தி வைத்த மாதிரி நின்றார். அண்ணி நாற்காலியில் இருந்தார். ஒரு பக்கக் குழாயை எடுத்துவிட்டார்கள், இன்னொரு பக்கமும் தழும்பாகி ஒட்டிக்கிடக்கிறது என்று டாக்டர் சொன்னார். இனித் தானாகக் கரு தங்குவது கடினம், வேறு வழிகளைப் பிறகு பேசலாம் என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"போன வருஷம் உங்களுக்கு கிளமிடியாங்கற தொற்று இருந்து மருந்து எடுத்திருக்கீங்க. அது உடலுறவுல பரவறது. உங்க கணவரும் அப்ப மருந்து எடுத்தாரா? ரெண்டு பேரும் முடிக்கிற வரைக்கும் சேராம இருந்தீங்களா? மூணு மாசம் கழிச்சு மறுபடியும் டெஸ்ட் பண்ண வரச் சொன்னதா கிளினிக் குறிப்புல இருக்கே?"

"எனக்கு லேசா புண்ணுன்னுதான் சொன்னாங்க" என்றேன்.

ஃபோனில் அந்தப் பெண் அதையும் அப்படியே மொழிபெயர்த்தாள். டாக்டர் அண்ணியைத் திரும்பிப் பார்த்தார். அண்ணி தரையைப் பார்த்தார். இந்த ஊர்ப் பாஷையில் அவருக்கு அன்றைக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை.

கணவர்தான் பேசினார். நேராக ஃபோனைப் பார்த்துப் பேசினார், அதற்குள்ளே ஆள் உட்கார்ந்திருப்பது போல.

"எனக்கு எந்த நோயும் இல்லம்மா. நான் மெடிக்கல் பாஸ். ஒவ்வொரு தடவையும் பாஸ். போன தடவைகூட ரத்தம் எடுத்துப் பாத்தாங்க."

டாக்டர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு பதில் சொன்னார். "விசா மெடிக்கல்ல நெஞ்சையும் சில ரத்தப் பரிசோதனைகளையும் பார்ப்பாங்க. இந்தத் தொற்றை அதுல தேடவே மாட்டாங்க. இது ரத்தத்துல தெரியாது, சிறுநீர்லதான் தெரியும். பல ஆண்களுக்கு வலியோ எரிச்சலோ எதுவுமே இருக்காது. வருஷக்கணக்கா தெரியாமலே இருக்கலாம். நீங்களும் டெஸ்ட் பண்ணிக்கணும். முடிவு எந்த விசா ஆபீசுக்கும் போகாது. உங்களுக்கும் எங்களுக்கும் மட்டும்தான்."

"விசா ஆபீசுக்குப் போகாதா?" என்று அண்ணி தமிழிலேயே கேட்டார். ஃபோனில் இருந்தவள் அதையும் மொழிபெயர்த்தாள்.

"போகாது. அன்னைக்கே நீங்க இதைக் கேட்டதா எழுதி வச்சிருக்காங்க. அன்னைக்கும் இதே பதிலைத்தான் சொல்லியிருக்காங்க" என்றார் டாக்டர்.

மூன்றாம் நாள் கணவர் இல்லாத நேரம் பார்த்து அண்ணியை உலுக்கி எடுத்துவிட்டேன். வயிற்றில் தையல், கத்த முடியாது. கத்த முடியாத கோபத்தை மெதுவாகப் பேசித் தீர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஏன் அண்ணி இப்படிப் பண்ணீங்க?"

"காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சிடலாம்னு நெனச்சேன் கண்ணு. உனக்குத் தெரிஞ்சா அவனத் திட்டுவ, குடும்பம் ரெண்டாயிடும். ஆபீசுக்குத் தெரிஞ்சா விசா போயிடும். டாக்டர் போகாதுன்னு சொன்னாங்க, நான் நம்பல. உன் மாத்திரைய உன் கையில குடுத்தேன். அவன் மாத்திரைய அவன் கையில குடுத்தேன். ரெண்டு பேரும் போட்டுட்டா விஷயம் முடிஞ்சுதுன்னு இருந்துட்டேன்."

"அவர்கிட்ட என்ன சொல்லிக் குடுத்தீங்க?"

அண்ணி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

"தம்பிகிட்ட அதெல்லாம் விலாவாரியா பேச முடியுமா? 'உன் பொண்டாட்டிக்கு அந்த மாதிரி தொத்து ஒண்ணு வந்திருக்கு, நீயும் இத போட்டுக்கோ, எதையும் கேக்காத'ன்னு சொன்னேன். அவனும் எதையும் கேக்கல."

அண்ணியின் பாணி எங்கே போகும்? டாக்டர் அரைமணி நேரம் சொன்னதைத் தம்பிக்கு ஒரே மூச்சில் சொல்லி முடித்திருக்கிறார். எனக்குச் சொன்னதில் என் கணவர் இல்லை. அவரிடம் சொன்னதில் அவர் பங்கு இல்லை. இருவரிடமும் பாதிப் பாதி கொடுத்துவிட்டு, முழுசையும் அண்ணி மட்டும் சுமந்துகொண்டிருந்தார். அவர் அழுததைப் பார்த்து எனக்கு இரக்கம் வந்தது. வரக் கூடாது என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். ஆனாலும் வந்தது. இந்த ஊரில் எனக்குத் தாயாக இருந்த ஒரே ஆள். இனி அவர் மடியில் தலை வைத்துப் படுக்க என்னால் முடியாது. பிள்ளைக்கு அடுத்தபடி எனக்குப் போனது அதுதான்.

கணவரின் சிறுநீர்ப் பரிசோதனையில் தொற்று இருப்பது தெரிந்தது. இந்தத் தடவை நர்ஸ் பக்கத்தில் நிற்க, நாங்கள் இருவரும் அங்கேயே முதல் மாத்திரையைப் போட்டோம்.

வீட்டுக்கு வந்த பிறகும் சில நாட்கள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவர் காலையில் கஞ்சி வைத்துத் தருவார், துணியை மடித்து வைப்பார், வேலைக்குப் போவார், வருவார். ஒருநாள் சாயங்காலம் அவர் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் சமையலறை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. எங்க போனீங்க?"

அவர் திரும்பவில்லை.

"கல்யாணத்துக்கு முன்னாடி. ரூம்ல எல்லாரும் போனாங்க. ஒரே ஒரு தடவ. அதுக்கப்புறம் மெடிக்கல் வந்துச்சு, பயந்து செத்தேன். பாஸ்னு வந்துச்சு. அப்பாடா, கழுவி விட்டாச்சுன்னு நெனச்சேன். எங்க ரூம்ல எல்லாரும் அப்படித்தான் நெனப்பாங்க. பாஸ் ஆயிட்டா சுத்தம்னு."

அது பொய் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. விடுதி அறைகளில் இத்தனை ஆண்கள் இதே நம்பிக்கையோடு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். ஊருக்குப் போய்ப் பெண் பார்க்கிறார்கள். அந்த ஒரு தடவைக்காக எனக்கு அவர் மேல் வர வேண்டிய கோபம்கூட முழுசாக வரவில்லை. என்னை அறுத்துக்கொண்டிருந்தது வேறு.

"அக்கா மாத்திரை குடுத்தாங்களே, ஏன் போடல?"

"எனக்குத்தான் ஒண்ணும் இல்லையேன்னு..."

"சரி. உங்ககிட்ட இல்ல. அப்ப எனக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு நெனச்சீங்க?"

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. குழாயில் தண்ணீர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"சொல்லுங்க."

"நீ இங்க வர்றதுக்கு முன்னாடி ஒன்றரை வருஷம் ஊர்ல தனியா இருந்த..." என்றார். பிறகு கையிலிருந்த பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தப்பு யாருக்கும் நடக்கும். சின்னப் பொண்ணு, நான் வேற பக்கத்துல இல்ல. கேட்டா நீ ஒடஞ்சு போயிடுவ. அதான் கேக்கல. மொத மூணு மாசம் கஷ்டமாத்தான் இருந்துச்சு. அப்புறம் மனசார மன்னிச்சிட்டேன். சத்தியமா ஒரு நாள்கூடச் சொல்லிக் காட்டணும்னு தோணல."

எனக்கு முதலில் புரியவே இல்லை. பிறகு அந்த வருஷம் முழுவதும் வரிசையாக என் முன்னால் வந்து நின்றது. அவர் ஒதுங்கியிருந்த மாதங்கள். குரல் உயராத நாட்கள். ஓட்டலின் பின்வாசலில் மழையில் நின்ற நிற்பு.

"தினமும் கூட்டிட்டுப் போக வந்தீங்களே..."

"மொதல்ல நீ யார்கூட வெளிய வர்றன்னு பாக்கத்தான் வந்தேன்" என்றார். "அப்புறம் பழகிடுச்சு."

நான் அவரை அடித்திருக்கலாம். அவரும் வாங்கிக்கொண்டிருப்பார், அவ்வளவு நல்லவர். நான் செய்யாத குற்றத்துக்கு எனக்குத் தெரியாமலே விசாரணை நடந்து, எனக்குத் தெரியாமலே மன்னிப்பும் கிடைத்திருக்கிறது. அந்த மன்னிப்போடுதான் அவர் என் பக்கத்தில் வந்து படுத்தார். நோயும் அதோடு சேர்ந்து வந்து படுத்தது.

வேறொருவனாக இருந்தால் என்ன செய்திருப்பான் என்று யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கே மாத்திரைக் கவரை என் முகத்தில் விட்டெறிந்து, குடியிருப்பே கேட்கக் கத்தியிருப்பான். நானும் விட்டிருப்பேனா? எனக்கும் வாய் இருக்கிறது. கவரைப் பொறுக்கிக்கொண்டு நேராக அண்ணியின் வீட்டுக்குப் போய்க் கதவை உடைத்திருப்பேன். அண்ணி உண்மையைக் கக்கியிருப்பார். மூன்று பேரும் டாக்டர் முன்னால் போய் நின்றிருப்போம். அசிங்கம்தான். குடியிருப்பு முழுக்க வாய்க்கு வந்ததைப் பேசியிருக்கும். ஆனால் அந்த வாரத்துக்குள் இரண்டு பேரும் மாத்திரை போட்டு முடித்திருப்போம்.

அவர் குழாயை மூடிவிட்டு, ஈரக் கையோடு என் முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தார். திட்டு, நீ திட்டினால்தான் எனக்கு ஆறும் என்றார். எனக்குத் திட்ட வரவில்லை.

"ஒரு தடவ..." என்றேன். "ஒரே ஒரு தடவ என் முகத்தப் பாத்து, 'எவன்கிட்ட போன'ன்னு கேட்டிருக்கலாமேங்க. நம்ம புள்ள இருந்திருக்கும்."